8 அடி டிஷ்ஷுக்கு எந்த மோட்டார்?

பெரிய டிஷ்ஷுக்கு மோட்டார் வாங்கப் போறவங்க முதல்ல கேட்பது, "எத்தனை கிலோ தூக்கும்?" தென்காசி, குற்றாலம் பக்கம் கேட்க வேண்டியது வேற: காற்றுல எவ்வளவு தாங்கும்?

சீசன்ல செங்கோட்டைக் கணவாய் வழியா மேற்கேயிருந்து காற்று அடிக்கும். 4 அடி டிஷ்ஷைவிட 8 அடிக்குப் பரப்பு 4 மடங்கு. காற்றின் வேகம் இரட்டிச்சா விசையும் 4 மடங்கு.

78.5° தாய்காம் நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, 79° உயரத்தில். டிஷ் மல்லாந்து கிடப்பதால் காற்று பெரிசா பிடிக்காது. கிழக்கே 105.5° ஏசியாசாட்டுக்குத் திருப்பினா உயரம் 56° ஆகும். டிஷ்ஷின் முதுகு மேற்கே பார்க்கும், காற்றை நேரா வாங்கும்.

சின்ன டிஷ்ஷுக்கான டைசெக் மோட்டாரின் பல்சக்கரம் இதுக்குத் தாங்காது. நான் சொல்வது 36 வோல்ட் ஆக்சுவேட்டர்தான். கரண்ட் போனாலும் அதன் திருகுத் தண்டு நின்ற இடத்திலேயே பிடிச்சு நிற்கும். 18 அங்குலத்தைவிட 24 அங்குலம் நல்லது. சுழலும் அச்சிலிருந்து தள்ளி மாட்டலாம், தண்டு மேல விழும் பாரம் குறையும்.

சி பேண்டில் 8 அடி டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 2° தான். 1° ஆடினாலே சிக்னல் ஏறத்தாழ பாதியாகும். அதனால, காசு கொடுக்கும் முன்னாடி தண்டை முழுசா நீட்டி, நுனியைக் கையால ஆட்டிப் பாருங்க.