பூனையின் சிறுநீர்: வீட்டிலேயே மாதிரி எடுக்கும் அறிவியல்

சிறுநீரக நோய், நீரிழிவு, சிறுநீர்ப்பைக் கற்கள் ஆகிய மூன்றின் தடயங்களையும் ஒரே நேரத்தில் தேடிப் பார்க்க உதவும் எளிய சோதனை, பூனையைப் பொறுத்தவரை, சிறுநீர்ச் சோதனையே. அதற்கு மயக்க மருந்து வேண்டியதில்லை. இரண்டு முதல் ஐந்து மில்லிலிட்டர் வரையிலான சிறுநீர் போதும். ஆனால், தன் கழிவை மண்ணில் புதைத்து மறைக்கும் இயல்புடைய ஒரு விலங்கிடமிருந்து அந்தச் சிறிதளவைக் கலப்பின்றிப் பெறுவது பூனை வளர்ப்போர் பலருக்குக் கைகூடுவதில்லை. பூனையின் உடலியலையும் மணலின் இயற்பியலையும் சற்றே அறிந்துகொண்டால், பூனையைத் துரத்தாமலும் அச்சுறுத்தாமலும் இதைச் செய்து முடிக்கலாம்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் வாழ்வோருக்கு இந்த அறிவு இன்னும் பயனுடையது. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் அமைந்துள்ள வேப்பேரி, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கிறது. நெரிசல் மிக்க அச்சாலையில், வெயில் காலத்தில், கூண்டில் அடைபட்டுப் பயணம் செய்யும் பூனை மருத்துவமனையை அடைவதற்குள் கலங்கிப்போய்விடும். அந்தக் கலக்கமே சோதனை முடிவையும் மாற்றிவிடக்கூடும்.

வறண்ட நிலத்துச் சிறுநீரகம்

வீட்டுப்பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனையாகும். தனக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதியை இரையின் உடலிலிருந்தே பெற்று வாழ்ந்த அவ்விலங்கின் சிறுநீரகம், நீரை முடிந்தவரை உடலுக்கே திருப்பியனுப்பி, கழிவை மிகச் செறிவான சிறுநீராக வெளியேற்றும்படி அமைந்தது. இந்தச் செறிவை அளக்கப் பயன்படுவது 'ஒப்படர்த்தி', அதாவது ஒரு நீர்மம் அதே கன அளவுள்ள தூய நீரைப்போல எத்தனை மடங்கு எடையுள்ளது என்னும் எண். நீரின் ஒப்படர்த்தி 1.000. மனிதச் சிறுநீரகம் நீர்ப்பற்றாக்குறையின்போதும் 1.035-ஐ ஒட்டியே பெரும்பாலும் நின்றுவிட, நலமுள்ள பூனையின் சிறுநீர் 1.060-ஐயும் கடந்து செல்ல வல்லது. உடலில் நீர் குறைந்திருக்கும் பூனையின் சிறுநீர் 1.035-க்குக் கீழே இருந்தால், சிறுநீரகத்தின் திறன் குறைகிறதோ என்று மருத்துவர் ஐயுறுகிறார்.

இந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. இரத்தத்தை வடிகட்டும் 'நெஃப்ரான்' எனும் நுண்ணலகுகள் பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ இரண்டு லட்சம் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு செயலிழக்கும்போது சிறுநீரின் செறிவு குறையத் தொடங்குகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் தெளிவாக உயர்வதற்கோ நான்கில் மூன்று பங்கு செயலிழந்திருக்க வேண்டும். ஆகவே, முதிய பூனைகளை மிகுதியாகத் தாக்கும் நாட்பட்ட சிறுநீரக நோயை, இரத்தப் பரிசோதனை காட்டுவதற்கு முன்பே சிறுநீர் காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. உணவு முறையை மாற்றி நோயின் வேகத்தைக் குறைப்பதற்கான காலம் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

பட்டறையிலும் ஆய்வகத்திலும் ஒரே கருவி

ஒப்படர்த்தியை மதிப்பிடும் ஒளிவிலகல்மானி இத்தொழிற்பகுதிக்குப் புதியதன்று. சிஎன்சி எந்திரங்களில் உலோகத்தைக் கடையும்போது பாயும் கூலன்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மத்தின் செறிவை அறிய, அதில் ஒரு துளியைக் கண்ணாடிப் பரப்பில் விட்டு, கருவியை ஒளியை நோக்கிப் பிடித்து, அளவுகோலில் தெரியும் எல்லைக்கோட்டைப் படிப்பது எந்திரப் பட்டறைகளில் வழக்கமான பணி. நீர்மத்தில் கரைந்துள்ள பொருள் கூடக்கூட அதனூடே செல்லும் ஒளி கூடுதலாக வளைகிறது என்பதே இரண்டு இடங்களிலும் செயல்படும் விதி. எனினும், பட்டறைக் கருவியின் அளவுகோல் வேறு; மனிதருக்கான மருத்துவக் கருவியும் பூனையின் சிறுநீருக்குச் சற்றே உயர்ந்த எண்ணைக் காட்டும் என்பதால், பூனைக்கெனத் தனி அளவுகோல் பொறித்த கருவிகளைக் கால்நடை ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. கருவி எத்தனை துல்லியமானதாயினும், அதில் விடப்படும் துளியில் மணலோ சோப்போ நீரோ கலந்திருந்தால், கிடைக்கும் எண் பூனையைப் பற்றியதாக இராது.

பதற்றம் செய்யும் மாற்றம்

வீட்டில் எடுக்கும் மாதிரிக்கு மருத்துவமனையில் எடுக்கும் மாதிரியைவிட ஒரு மேன்மை உண்டு. அச்சமுற்ற பூனையின் உடலில் அட்ரினலின் முதலிய இயக்குநீர்கள் சுரந்து, கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 270 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டெடுக்க இயலாமல் மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. பதற்றம் கடுமையாகி நீடித்தால் நீரிழிவே இல்லாத பூனைக்கும் இந்நிலை நேரக்கூடும். தன் வீட்டில், பழகிய மூலையில், அமைதியாக இருக்கும் பூனையின் சிறுநீரில் மீண்டும் மீண்டும் சர்க்கரை காணப்பட்டால், அது வெறும் பதற்றத்தின் விளைவாக இருக்கும் வாய்ப்பு குறைவு என்பதால் மருத்துவரின் தீர்மானம் எளிதாகிறது.

மணல் ஏன் பகையாகிறது

பூனை மென்மையான, தோண்டத்தக்க பரப்பைத் தேடுகிறது. கடைகளில் விற்கும் 'லிட்டர்' எனப்படும் பூனைமணலில் பெரும்பாலும் பென்டோனைட் களிமண் உள்ளது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து அவை உப்பிக் கட்டியாகின்றன. வீட்டைத் தூய்மையாக வைத்திருக்க உதவும் இப்பண்பே மாதிரி எடுப்பதற்குத் தடையாகிறது. ஆற்றுமணலும் எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணலும் சிறுநீரைத் தம் துகள்களுக்கிடையே இழுத்துக்கொள்வதோடு, நுண்தூசியையும் அதில் கலந்துவிடுகின்றன. வெளியே சென்று வரும் பூனையோ கட்டுமான இடத்து மணற்குவியலையே தன் கழிப்பிடமாகக் கொண்டிருக்கும். அங்கிருந்து மாதிரி எடுக்க வழியே இல்லை.

இதற்கு விடை, தோண்டுவதற்கு மணலைப் போலவும் நீரைப் பொறுத்தவரை மணலுக்கு நேர்மாறாகவும் நடந்துகொள்ளும் ஒரு பொருள். பாலிப்ரொப்பிலீன் முதலிய பிளாஸ்டிக்குகளின் பரப்பு நீரை ஈர்ப்பதில்லை. அதன்மேல் விழும் நீர் பரவாமல் முத்தாகத் திரள்கிறது. கால்நடை மருத்துவப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் உறிஞ்சாக் குருணைகளும், நீர் ஒட்டாதபடி மேற்பூச்சு இடப்பட்ட மணலும் இந்தப் பண்பையே பயன்படுத்துகின்றன. இத்தொழிற்பகுதியில் வாகன உதிரிபாகங்களை வார்ப்பதற்கான பிளாஸ்டிக் குருணைகள் எளிதில் கண்ணில் படக்கூடும். ஆனால் அவற்றில் கண்ணாடி இழைகளும் நிறமிகளும் பிற சேர்மங்களும் கலந்திருக்கலாம் என்பதால், தொழிற்சாலைக் குருணையைப் பூனைக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. மீன் தொட்டியில் இடும் வழவழப்பான சிறு கூழாங்கற்கள் தகுந்த மாற்று. அவற்றை வெந்நீரில் பலமுறை அலசி முழுவதும் உலர்த்திக்கொள்ள வேண்டும். அரிசியைப் பரப்பும் வழக்கமும் உண்டு. அதன் மாவுத்துகள் நுண்ணோக்கியில் தெரிவதோடு, அரிசி நீரையும் உறிஞ்சுவதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

செய்முறை

முதலில், தாழ்வான விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வெந்நீரால் மட்டும் கழுவி உலர்த்த வேண்டும். பிளீச்சிங் பவுடர் போன்ற ஆக்சிஜனேற்றிகளின் எச்சம் சிறுநீரில் கலந்தால், சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் சோதனைப் பட்டையில், சிறுநீரில் இல்லாத சர்க்கரையும் இரத்தமும் இருப்பதாகத் தவறான நிறம் தோன்றும். ஃபினாயில் அறவே கூடாது. பீனால் வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவாதலால், பாதத்தில் ஒட்டி நாவால் நக்கப்படும் சிறிதளவும் அதற்கு நஞ்சாகலாம்.

அடுத்து, வழக்கமான மணல் பெட்டியைப் பூனை பயன்படுத்தும் அதே இடத்திலிருந்து எடுத்துவிட்டு, உறிஞ்சாத குருணையோ கூழாங்கல்லோ மெல்லிய படலமாகப் பரப்பிய தட்டை அங்கே வைக்க வேண்டும். இடம் மாறாமல் இருப்பது பூனையின் தயக்கத்தைக் குறைக்கும். மணல் இல்லாத தட்டைப் பூனை புறக்கணித்தால், வழக்கமான மணலின்மேல் தூய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக விரித்து, அதன்மேல் கூழாங்கற்களை இடலாம். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால், மாதிரி எந்தப் பூனையுடையது என்ற ஐயம் எழாதவாறு, சோதிக்க வேண்டிய பூனையை உணவு, நீர், படுக்கை ஆகியவற்றோடு தனி அறையில் இரவு முழுவதும் வைத்திருப்பது நல்லது. பூந்தொட்டிகளையும் துணிக்குவியலையும் அறையிலிருந்து அகற்றிவிட்டால், பூனைக்குத் தட்டைத் தவிர வேறு இடம் இராது.

இரவில் தேங்கி விடியலில் வெளியேறும் சிறுநீரே மிகச் செறிவானது. சிறுநீரகத்தின் திறனை மதிப்பிட அதுவே ஏற்றது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீடு திரும்பும் தொழிலாளி, வந்தவுடன் தட்டைப் பார்ப்பதை முதல் வேலையாகக் கொள்ளலாம். இயன்றால், சிறுநீர் கழிந்த நேரத்தைக் குறித்துவைக்க வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்வது இன்னும் நல்லது. தட்டைச் சாய்த்து, ஒரு மூலையில் திரளும் சிறுநீரை ஊசியில்லாத புதிய சிரிஞ்சால் உறிஞ்சி, மருந்துக்கடையில் கிடைக்கும் மூடியுள்ள மாதிரிக் குப்பியில் இட்டு, பூனையின் பெயரையும் நாளையும் நேரத்தையும் அதன்மேல் எழுத வேண்டும். கையுறை அணிவதும், முடிந்தபின் கைகழுவுவதும் கட்டாயம்.

அவசரப்பட்டுச் செய்யும் மூன்று செயல்கள் தீங்காகும். மாதிரிக்காக அளவுக்கு மீறி நீர் புகட்டினால் சிறுநீர் நீர்த்து, அளக்க வேண்டிய செறிவே குலைந்துவிடும். மனிதருக்கான நீர் மாத்திரையைக் கொடுப்பது பூனையின் உயிருக்கே ஆபத்தாகலாம். பூனையின் அடிவயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற முயன்றால் சிறுநீர்ப்பை காயமடையும். சிறுநீர்ப்பாதை அடைபட்டிருந்தால் சிறுநீர்ப்பை கிழியவும் கூடும்.

நேரமும் வெப்பமும்

குப்பியில் அடைத்த பின்னும் சிறுநீர் மாறிக்கொண்டேயிருக்கிறது. வெப்பத்தில் பாக்டீரியாக்கள் பெருக, அவற்றுள் சில யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. அதனால் சிறுநீரின் காரத்தன்மை உயர்ந்து, உயிரணுக்கள் சிதைகின்றன. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இச்சிதைவு குறையும்; ஆனால் குளிரில் உப்புகள் படிகங்களாகப் பிரியக்கூடும். நாய், பூனை ஆகியவற்றின் சிறுநீரைக் கொண்டு செய்யப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, சேமிக்கும் நேரமும் வெப்பநிலையும் குப்பிக்குள்ளேயே புதிய படிகங்களைத் தோற்றுவிக்கும் என்று காட்டியது. எனவே, ஒரு மணி நேரத்துக்குள் சோதிக்கப்படும் மாதிரியே சிறந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து நகருக்குக் கொண்டுசெல்ல அதைவிடக் கூடுதல் நேரமாகும் என்றால், குப்பியைப் பனிக்கட்டிப் பையோடு சேர்த்து எடுத்துச்சென்று, எடுத்த நேரத்தையும் குளிர்வித்த செய்தியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ தனியார் மருத்துவமனையிலோ ஒளிவிலகல்மானியும் நுண்ணோக்கியும் இருந்தால், அங்கே உடனே சோதிப்பதே மேல்.

எல்லைகள்

வீட்டு மாதிரி எல்லாவற்றுக்கும் விடை தராது. தட்டிலும் பாதத்திலும் உள்ள கிருமிகள் அதில் கலப்பதால், நோய்க்கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அது பொருந்தாது. அதற்கு மருத்துவர் அல்ட்ராசவுண்ட் துணையோடு மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி நேரடியாக எடுக்கும் மாதிரியே வேண்டும். மருந்துக்கடைச் சோதனைப் பட்டையும் மனிதருக்காக உருவாக்கப்பட்டது. அதில் வெள்ளணு, நைட்ரைட், ஒப்படர்த்தி ஆகியவற்றுக்கான கட்டங்கள் பூனைக்கு நம்பத்தக்கவையல்ல. புரதக் கட்டத்திலும் கவனம் தேவை. ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ மியாசாகியும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்த 'காக்சின்' என்னும் புரதம் நலமுள்ள பூனையின் சிறுநீரிலும் உண்டு. கருத்தடை செய்யப்படாத கடுவனிடம் அது மிகுதி. பூனைச் சிறுநீரின் தனி வாடைக்கு மூலமான 'ஃபெலினின்' என்னும் அமினோ அமிலம் உருவாக அப்புரதமே துணைபுரிகிறது. ஆகவே, பட்டையில் தோன்றும் நிறத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே நோயைத் தீர்மானிக்கலாகாது.

மாதிரிக்காகக் காத்திருக்கவே கூடாத ஒரு நிலையும் உண்டு. கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. சளியும் படிகமும் திரண்டு அதை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேறாமல் தேங்கி, இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, ஓரிரு நாளிலேயே இதயம் நின்றுவிடக்கூடும். அடிக்கடி தட்டுக்குச் சென்று முக்குவது, முனகுவது, சொட்டுச் சொட்டாக மட்டும் வருவது அல்லது எதுவுமே வராமலிருப்பது ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றை மலச்சிக்கல் என்று எண்ணி நாள் கடத்துவோர் பூனையை இழக்க நேரிடும். அப்போது தட்டையும் குப்பியையும் விட்டுவிட்டு, எந்நேரமாயினும் பூனையை மருத்துவமனைக்குத் தூக்கிச்செல்ல வேண்டும்.

மற்ற நாட்களில் பொறுமைக்கு இடமுண்டு. ஏழு வயதைக் கடந்த பூனையை வளர்ப்போர், அது நலமாகத் தோன்றும்போதே உறிஞ்சாத தட்டுக்கு அதைப் பழக்கி, ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறுநீரைச் சோதித்து, எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். தன் நோவை மறைத்துக்கொள்ளும் இயல்புடைய ஓர் உயிருக்கு, அதை வளர்ப்பவர் செய்யத்தக்க முதன்மையான மருத்துவ உதவி இதுவே.