மஞ்சளாகும் கண்கள்: ஈரலைக் குறிவைக்கும் களைக்கொல்லி

தேயிலைத் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் ‘புல்லு மருந்து’ என்று தெளிக்கப்படுகிற பாராகுவாட் 1962-ல் விற்பனைக்கு வந்தது. அடித்த ஓரிரு நாளில் களை கருகிவிடும். மனிதர் வயிற்றுக்குள் போய்விட்டால் அதற்கு முறிவு மருந்து இன்றுவரை இல்லை.

குடித்தவருக்கு முதலில் வாந்தி வரும். வாயும் தொண்டையும் புண்ணாகும். பெரும்பாலும் நினைவு தெளிவாகவே இருக்கும், பேசுவார். ‘பிழைத்துக்கொண்டார்’ என்று குடும்பம் நம்புவது இந்த நாட்களில்தான். உள்ளே நஞ்சு ஓயவில்லை. செல்லிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் தருகிறது, மறுபடியும் பறிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உருவாகும் வீரிய ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல் சவ்வுகளை அரிக்கின்றன. மூச்சுத் திணறும் நோயாளிக்குக்கூட ஆக்சிஜன் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். என்ன கொடுமை!

சிறுநீரகமும் நுரையீரலும் கெடுவது பலருக்கும் தெரியும். ஈரல் படும் பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலில் ஈரல் செல்கள் மடிகின்றன. ரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறுகின்றன. பிறகு பித்தநாளங்கள். ஈரலுக்குள் ஓடும் சிறிய நாளங்களின் உட்சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்த அடுக்கு சிதைந்து உரிந்தால், மடை அடைபட்ட தண்ணீர்போலப் பித்தம் ஈரலிலேயே தேங்குகிறது. பிலிரூபின் ரத்தத்தில் கலந்து கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது. இது வெளியே தெரியவே சில நாட்கள் ஆகும். சாதாரண மஞ்சள் காமாலை என்றெண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

பிழைத்தவர்களுக்கு ஈரல் பெரும்பாலும் தேறிவிடுகிறது. தன்னைப் புதுப்பிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தழும்பேறி இறுகிய நுரையீரலுக்கு அந்த வரம் இல்லை. பலரின் உயிர் அங்கேதான் போகிறது.

சிகிச்சை கைகொடுக்காத நஞ்சை மக்கள் கைக்கு எட்டாமல் வைப்பதுதான் வழி. இலங்கை 2008-ல் தொடங்கிப் படிப்படியாக இதை விலக்கியது. தென்கொரியா 2012-ல் விற்பனையை நிறுத்தியது. இரு நாடுகளிலும் பூச்சிமருந்தால் நேரும் தற்கொலைச் சாவுகள் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. கேரளம் 2011-லேயே தடை விதித்தது. இந்தியா முழுவதற்கும் இந்தத் தடை வர வேண்டும்.

அதுவரை, மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். தவறி ஒரு வாய் போயிருந்தாலும் 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மனம் தாங்காமல் தவிப்பவர் தமிழ்நாட்டில் 104-ல் பேசலாம்.