கன்றுக்குப் படர்தாமரையா? கொட்டிலையும் கவனியுங்கள்

இருட்டும் ஈரமுமான கொட்டிலில் நெருக்கமாகக் கட்டப்படும் இளங்கன்றுகளைப் படர்தாமரை எளிதில் பற்றும். இது ஒரு பூசண நோய். கண்ணைச் சுற்றியும், காது, முகம், கழுத்திலும் முடி உதிர்ந்து, சாம்பல் பூசினாற்போல் வட்டவட்டமாகப் பொருக்குத் தட்டும். சொறி நோயில் உள்ள அளவுக்கு அரிப்பு இராது.

சில மாதங்களில் தானே ஆறிவிடும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் மற்றக் கன்றுகளுக்கும் வீட்டாருக்கும் தொற்றிவிடும். உதிர்ந்த பொருக்கிலுள்ள வித்துகள் கயிறு, கம்பம், தொட்டி ஆகியவற்றில் பல மாதங்கள் அழியாதிருக்கும். ஆகவே கன்றுக்கு மட்டும் மருந்திட்டால் போதாது.

நோய் கண்ட கன்றைத் தனியே கட்டவும். கையுறை அணிந்து, சோப்பு நீரில் பொருக்கை ஊறவைத்து நீக்கி, எரித்துவிடவும். ஈரம் உலர்ந்தபின் டிஞ்சர் அயோடின் தடவலாம். கண்ணில் படக் கூடாது. எத்தனை நாள் தடவுவது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். கொட்டிலைச் சாணம் போகக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, உலரவிட்ட பிறகே கன்றுகளைக் கட்டவும். வெயிலும் பசுந்தீவனமும் கன்றுக்கு அவசியம்.

நோயுற்ற கன்றைச் சிறுவர்கள் தொட்டு விளையாட விடலாகாது. மனிதருக்கு வட்டமாகச் சிவந்து அரித்தால் டாக்டரிடம் காட்டவும். கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும். ஆனால் படர்தாமரையை மேலும் படரவிடும்.