எழுதுவதற்கும் எழுத்துக்கூட்டுவதற்கும் இடர்ப்படும் குழந்தை: பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவை

கேள்விக்கு வாய்மொழியாகச் சரியான விடை கூறும் குழந்தை, அதே விடையை எழுதச் சொன்னால் இரண்டு வரிகளுக்கு மேல் எழுத இயலாமல் தவிப்பதுண்டு. "படிப்பில் அக்கறை இல்லை", "சோம்பல்" என்று பெரியவர்கள் முடிவு செய்கின்றனர். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதுமாறு பணிக்கின்றனர். முதல் வரியைப் பார்த்து மற்ற ஒன்பது வரிகளையும் எழுதிவிடும் குழந்தை, மறுநாள் அதே சொல்லை மீண்டும் பிழையாகவே எழுதுகிறது. பயிற்சியின் அளவைக் கூட்டுவதற்கு முன், குழந்தை எந்தப் படியில் தடுமாறுகிறது என்பதைக் கண்டறிவதே முதற்பணியாகும்.

எழுதுதல் என்பது ஒரே செயலா?

அன்று. ஒரு சொல்லை எழுதும்போது குழந்தை அதன் ஒலிகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தை நினைவிற்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கையால் வரைய வேண்டும். அதே வேளையில் எழுத நினைத்த வாக்கியத்தையும் மறவாதிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் நோட்டில் தெரிவது பிழையும் அடித்தல் திருத்தலுமே.

எந்தப் பிழைகள் இயல்பானவை?

தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனப் பயில வேண்டிய எழுத்துகள் 247. அவற்றை எழுதிப் பழகும் தொடக்க ஆண்டுகளில் கீழ்க்காணும் பிழைகள் பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படும்.

• பேச்சு வழக்கை அப்படியே எழுதுதல்: 'இலை' என்பதை 'எல' என்றும், 'பழம்' என்பதை 'பளம்' என்றும் எழுதுதல். குழந்தை தன் காதில் விழுந்ததைச் சரியாகவே எழுதியிருக்கிறது. எழுத்து வழக்கு இன்னும் பதியவில்லை.
• ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றை மாற்றி எழுதுதல்.
• கொம்பு இடம் மாறுதல்: 'கெ' என்னும் எழுத்தில் ககர ஒலி முதலில் கேட்கிறது, ஆனால் ஒற்றைக்கொம்பை முதலில் எழுத வேண்டும். 'கொ' என்பதிலோ குறியீடுகள் இருபுறமும் அமைகின்றன.
• குறில், நெடில் மயக்கமும் புள்ளியை விட்டுவிடுதலும்.
• ஆங்கிலத்தில் b, d ஆகிய எழுத்துகளைத் திருப்பி எழுதுதல். இது ஏறத்தாழ 7 வயது வரை காணப்படலாம்.

மூன்றாம் வகுப்பிலும் இப்பிழைகள் குறையாமல் இருந்தால், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதினால், உடன் பயிலும் குழந்தைகளைவிட மிகவும் பின்தங்கினால் மதிப்பீடு தேவைப்படுகிறது. குழந்தை ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறி, தமிழில் நன்கு எழுதினால், அம்மொழியில் போதிய பழக்கம் இல்லாமையும் காரணமாக இருக்கலாம். இரு மொழிகளிலும் இடர்ப்பாடு தொடர்வதைக் கூடுதல் கவனத்துடன் நோக்க வேண்டும்.

வீட்டில் எவ்வாறு கவனிப்பது?

குழந்தை களைப்பின்றி இருக்கும் வேளையில், தேர்வு போலன்றி இயல்பாகப் பின்வரும் மூன்றையும் செய்து பார்க்கலாம்.

1. ஐந்து எளிய சொற்களைக் கூறி, எழுதாமல் வாயால் எழுத்துக்கூட்டச் சொல்லுதல்.
2. அருகில் உள்ள பாடநூலிலிருந்து இரண்டு வரிகளைப் பார்த்து எழுதச் சொல்லுதல்.
3. அதே அளவிலான இரண்டு வரிகளைச் சொல்வதைக் கேட்டு எழுதச் சொல்லுதல்.

வாயால் சரியாகக் கூறி, பார்த்து எழுதும்போதும் மெதுவாகவும் கோணலாகவும் எழுதினால், இடர்ப்பாடு பெரும்பாலும் கை இயக்கத்தில் உள்ளது. பார்த்து நன்றாக எழுதி, சொல்வதை எழுதும்போதும் வாயால் கூறும்போதும் பிழை செய்தால், ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் இடர்ப்பாடு இருக்கலாம். நூலைப் பார்த்து எழுதும் குழந்தை கரும்பலகையைப் பார்த்து எழுத இயலாவிடில் கண் பரிசோதனை தேவை. இவை நோயறிதல் அல்ல. ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் தெளிவாக எடுத்துரைக்க உதவும் குறிப்புகளே.

காரணங்கள் யாவை?

பார்வைக் குறைபாடு, நாட்பட்ட காதுத் தொற்றால் ஏற்படும் கேட்டல் குறைவு, இரத்தசோகை, போதிய உறக்கமின்மை, பள்ளிக்கு நீண்ட நாள் செல்லாமை, கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு ஆகியவை எழுதும் திறனைப் பாதிக்கலாம். எனவே கண், காது பரிசோதனை முதலில் செய்யப்பட வேண்டும்.

இவை காரணமல்ல எனத் தெரிந்து, முறையாகக் கற்பித்த பின்னரும் இடர்ப்பாடு தொடர்ந்தால், அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். வாசித்தலையும் எழுத்துக்கூட்டலையும் முதன்மையாகப் பாதிப்பது டிஸ்லெக்சியா எனவும், எழுதுதலைப் பாதிப்பது டிஸ்கிராஃபியா எனவும் அழைக்கப்படுகின்றன. இவை அறிவுத்திறன் குறைவால் வருவன அல்ல; பெற்றோரின் வளர்ப்பாலும் வருவன அல்ல. குடும்பத்தில் பிறருக்கும் இத்தகைய இடர்ப்பாடு இருந்திருக்கலாம். இவற்றைக் குணமாக்கும் மாத்திரையோ, நினைவாற்றல் டானிக்கோ இல்லை. முறையான சிறப்புப் பயிற்சியே உதவும்.

வீட்டில் எவ்வாறு உதவுவது?

எழுத்துக்கூட்டலுக்கு: வாரத்திற்கு ஒரே ஒரு மயக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவும். எடுத்துக்காட்டாக, இவ்வாரம் 'ர, ற' மட்டும். நாளொன்றுக்கு 10 முதல் 15 நிமிடங்களில் மூன்று அல்லது நான்கு சொற்கள் போதும். சொல்லைப் பார்த்தல், உரக்கச் சொல்லுதல், மூடுதல், நினைவிலிருந்து எழுதுதல், ஒப்பிட்டுப் பார்த்தல் என்னும் வரிசையைப் பின்பற்றவும். பார்த்துப் பத்து முறை எழுதுவதைவிட, மூடிவைத்து இருமுறை நினைவிலிருந்து எழுதுவது பயன் தரும். தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதிக்கொண்டே ஒலியைக் கூறுவதும் உதவும்.

கையெழுத்திற்கு: மடியில் நோட்டை வைத்து எழுதுவதைத் தவிர்க்கவும். தரையில் அமர்வதாயின் சிறு மேசை அல்லது பலகை தேவை. நாற்காலியாயின் பாதங்கள் தரையில் பதிய வேண்டும். இரட்டைவரி நோட்டும் சற்றுத் தடித்த பென்சிலும் உதவும். மாவு பிசைதல், மணி கோத்தல், காகிதம் வெட்டுதல் போன்றவை விரல்களுக்கு நல்ல பயிற்சியாகும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கையால் எழுதுமாறு வற்புறுத்தக் கூடாது.

கருத்தை எழுதுவதற்கு: குழந்தை கதையைச் சொல்ல, பெற்றோர் எழுதலாம், பின்னர் குழந்தை அதைப் பார்த்து எழுதலாம். எழுதியதைப் படிக்கும்போது முதலில் கருத்தைப் பாராட்டி, பின்னர் இரண்டு பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டவும். பக்கம் முழுவதும் சிவப்பு மையால் நிரம்பிய நோட்டைத் திறக்கவே குழந்தை அஞ்சும்.

எழுத்துப்பிழைக்காக அடிப்பதும், பிற குழந்தைகளுடன் ஒப்பிட்டு இழிவுபடுத்துவதும் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

எங்கே செல்வது?

முதலில் வகுப்பாசிரியரிடம் பேசவும். அரசுப் பள்ளிகளுக்கு வரும் பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடமோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குழந்தையைக் காட்டவும். தேவைப்படின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படும். அங்கு சேவைகள் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. செல்லும்போது இவ்வாண்டு, சென்ற ஆண்டு நோட்டுகளைப் பிழைகளுடன் அப்படியே எடுத்துச் செல்லவும். புதிதாக எழுதச் செய்ய வேண்டாம். அப்பிழைகளே மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் சிறந்த சான்றாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொள்ளப்பட்ட 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. இதற்கான சான்றிதழ் 8 வயது நிறைந்த பின்னரே வழங்கப்படுகிறது. சான்றிதழ் பெற்றோர் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆயினும் பயிற்சியைத் தொடங்க 8 வயது வரை காத்திருக்கக் கூடாது.

உடனடியாக மருத்துவரை நாட வேண்டியவை

• முன்பு நன்றாக எழுதிய குழந்தையின் கையெழுத்து அண்மையில் சீர்குலைதல்
• அதனுடன் தலைவலி, வாந்தி, கை நடுக்கம், தடுமாறி விழுதல்
• சில நொடிகள் வெறித்துப் பார்த்து, அழைத்தால் மறுமொழி கூறாமை
• பள்ளி நாள்களில் மட்டும் தொடரும் வயிற்றுவலி, பள்ளிக்குச் செல்ல மறுத்தல், தன்னைத் தானே வெறுத்துப் பேசுதல்

இறுதியாகக் குறிப்பிட்ட நிலையில், கற்றல் இடர்ப்பாட்டைவிடக் குழந்தையின் மனத்துயரத்திற்கே முதலிடம் அளிக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணையும் தொடர்புகொள்ளலாம்.

நினைவில் கொள்க: "ஏன் ஒழுங்காக எழுதவில்லை?" என்னும் கேள்விக்குக் குழந்தையிடம் விடை இல்லை. "எந்த இடத்தில் கடினமாக இருக்கிறது?" என்று கேட்டு, அருகில் அமர்ந்து பார்த்தால் விடை பெரும்பாலும் நோட்டிலேயே கிடைக்கும்.