யாரை எவ்வளவு ஏமாற்றும் இந்தக் கோடு?

ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள் போடுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத்தலை வரையுங்கள். மற்றதன் முனைகளில் அதே சிறகுகளைத் திருப்பி, கவட்டைபோல வெளிப்பக்கம் விரித்துவிடுங்கள். அவ்வளவுதான், கவட்டைக் கோடு நீண்டுவிட்டது! ஸ்கேல் வைத்து அளந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. 1889இல் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் முல்லர்-லையர் வெளியிட்ட காட்சி மயக்கம் இது.

எவ்வளவு ஏமாறுகிறோம் என்று அளக்கவும் முடியும். அம்புக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே போங்கள். 'இப்போது இரண்டும் சமம்' என்று பார்ப்பவர் சொல்லும்போது, நீட்டிய அளவுதான் ஏமாந்த அளவு.

பிரிட்டிஷ் ஆய்வாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இந்தச் சோதனையைக் கடல் கடந்து எடுத்துப் போனார். 1898இல் கேம்பிரிட்ஜ் குழுவோடு ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளில் செய்தார். சில ஆண்டுகள் கழித்து நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் செய்தார். இரண்டு இடத்தாரும் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள்! நெட்டுக்கோடு படுக்கைக்கோட்டைவிட நீளமாகத் தெரியும் இன்னொரு படத்திலோ நிலைமை தலைகீழ்; அங்கே ஆங்கிலேயர்தாம் குறைவாக ஏமாந்தவர்கள். மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கிய அந்தக் காலத்தில், அடுக்க முடியாத ஒரு முடிவு கிடைத்ததை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

1966இல் சீகல், கேம்பல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல சமூகங்களில் இதை விரிவாக அளந்து வெளியிட்டார்கள். அமெரிக்காவின் இவான்ஸ்டன் நகரத்தாருக்கு அம்புக் கோடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீண்டால்தான் சமமாகத் தெரிந்தது. 10 சென்டிமீட்டர் கோட்டுக்கு 2 சென்டிமீட்டர்! கலஹாரியின் சான் மக்களிடம் மயக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

காரணமாக அவர்கள் சொன்னது தச்சுலகக் கருதுகோள். அதாவது, தச்சரும் கொத்தரும் செதுக்கிய நேர்கோட்டு உலகில் வளரும் கண் அதற்கேற்பப் பழகுகிறது என்ற ஊகம். கட்டடத்தின் வெளிமூலை அம்புக் கோடுபோல, நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கும். அறையின் உள்மூலை கவட்டைக் கோடுபோல, தள்ளி நிற்கும். தள்ளியிருப்பது கண்ணில் அதே அளவாக விழுந்தால் உண்மையில் பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? மூளை இந்தக் கணக்கை நம்மைக் கேட்காமலே போட்டுவிடுகிறது. தோடர்களின் பழைய குடிலோ மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டியது.

அப்படியானால் பாடநூல்களில் வரும் 'மனித மனம்' யாருடையது? 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் முன்னணி அமெரிக்க உளவியல் இதழ்கள் ஆறைப் புரட்டிக் கணக்கெடுத்தார். சோதிக்கப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டினர். உலக மக்களில் அந்நாட்டினர் 12 விழுக்காடுதான். நூறு வீடுள்ள தெருவில் பன்னிரண்டு வீட்டுக் குழம்பை ருசித்துவிட்டுத் தெருவுக்கே உப்புக் கணக்கு எழுதியதுபோல! 2010இல் ஹென்ரிக், ஹைன், நோரன்சயான் மூவரும் இந்தச் சாய்வை ஒரு பெரிய கட்டுரையில் அம்பலப்படுத்தினார்கள். முல்லர்-லையர் கோடு அதில் முக்கியச் சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சியத்துக்கே இந்தியாவிலிருந்து ஒரு குறுக்கு விசாரணை வந்தது. பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டம் பிறவிக் கண்புரையுள்ள குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்வை தருகிறது. 2015இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், பார்வை கிடைத்த உடனேயே குழந்தைகள் இந்தக் கோட்டிடம் ஏமாந்தார்கள். மூலைகளைப் பார்த்துப் பழக அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை! அலெக்ஸ் என்ற சாம்பல் கிளியும் ஏமாந்திருக்கிறது. மயக்கத்தின் வேர் கட்டடங்களைவிட ஆழமானது என்று 2025இல் டோர்சா அமீரும் சாஸ் ஃபயர்ஸ்டோனும் வாதிட்டார்கள்.

அப்படியானால் சமூகத்துக்குச் சமூகம் தெரிந்த அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? தாளில் வரைந்த கோட்டைப் பார்த்துப் பழகியிருப்பதும், 'சமமா?' என்ற கேள்வியைப் புரிந்துகொள்ளும் விதமும் ஊருக்கு ஊர் மாறுபவை. கேட்டவரின் பண்பாடும் அந்த அளவுக்குள் புகுந்திருக்கலாம். அதனால் இப்போது ஆய்வாளர்கள் கண்ணோடு சேர்த்துத் தங்கள் கேள்வித்தாளையும் சோதிக்க வேண்டியிருக்கிறது.