ஒரே பக்கம்தான் இறங்கலாம்!

சென்னையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் வங்கக் கடல்மேல் பறந்து, அந்தமானின் பச்சை மலைகளையும் ஜன்னல் வழியே பார்த்தாகிவிட்டது. அப்போது ஒலிபெருக்கியில் விமானியின் குரல்: "காற்று சாதகமாக இல்லை. சென்னைக்கே திரும்புகிறோம்."

தங்கை கல்யாணத்துக்கோ, அப்பாவின் காரியத்துக்கோ போகிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். "ஊர்தான் தெரிகிறதே, இறக்கினால் என்னவாம்?" என்று விமானியைத் திட்டுபவர்கள் உண்டு. அவருடைய ஆசனத்திலிருந்து பார்த்தால் கதை வேறு.

போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாற்றினார்கள். அங்குள்ள வீர சாவர்க்கர் விமான நிலையத்துக்கு 2023-ல் சிப்பி வடிவத்தில் அழகான புதுக் கட்டடம் திறந்தார்கள். பயணிகளுக்குச் சௌகரியம்தான். ஆனால் விமானி இறங்க வேண்டியது கட்டடத்தில் அல்லவே!

ஓடுபாதை ஒன்றே ஒன்று. கடற்படைத் தளத்துக்கும் அதுவே. நீளம் சுமார் 3,290 மீட்டர், அதில் குறைவில்லை. பாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. வடகிழக்கு முனைக்கு அப்பால் குன்றுகள். பாதையும் அந்தப் பக்கம் மேடேறுகிறது. ஆகவே விமானங்கள் தென்மேற்கே கடல் பக்கமாக வந்து இறங்குகின்றன; புறப்படும்போது திரும்பி அதே கடல் பக்கமாகவே எழும்புகின்றன.

எதிர்காற்றில் இறங்க வேண்டும் என்பது விமானிகளின் அரிச்சுவடி. மற்ற ஊர்களில் காற்று திசை மாறினால் மறுமுனையிலிருந்து இறங்கிவிடலாம். இங்கே அந்த வசதி கிடையாது. பருவமழை மாதங்களில் காற்று எங்கிருந்து வீசுகிறது? அதே தென்மேற்கிலிருந்து! விமானத்தை முதுகில் பிடித்துத் தள்ளுகிறது. பல ஜெட் விமானங்களுக்குப் பின்காற்று 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு. மரத்தடியில் நிற்பவருக்கு அது இதமான காற்று. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில், மழையில் நனைந்த பாதையில், அறுபது டன் எடையை நிறுத்த வேண்டியவருக்கு அப்படியல்ல.

கண்ணும் ஏமாற்றும். மேடேறும் பாதையை எதிரே பார்க்கும்போது, தாம் அதிக உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அதை நம்பிக் கீழே இறக்கினால், பாதைக்கு முன்பே தரை வந்துவிடும். அதனால்தான் ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் வைப்பார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் உயரம் சரி. நான்கும் சிவப்பானால் ஆபத்தான தாழ்வு. கண் சொல்வதை விட்டு விளக்கு சொல்வதைக் கேட்க வேண்டும். ரயில்வேக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மழை விடும்வரை காத்திருக்கலாமே?" என்று கேட்கலாம். ரயில் என்றால் அவுட்டர் சிக்னலில் ஒரு மணி நேரம்கூட நிற்கும் (நின்றும் இருக்கிறோம்!). விமானம் நிற்காது, வட்டமிடலாம், அவ்வளவே. ஏ-320 ரக விமானம் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் எரிபொருள் குடிக்கும். சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூர் பக்கத்தில் இருக்கிறது. இங்கிருந்து சென்னை 1,370 கிலோமீட்டர். கல்கத்தாவும் விசாகப்பட்டினமும்கூட 1,200 கிலோமீட்டருக்கு மேல். இடையே கடல்தான். கார் நிக்கோபாரில் விமானப் படைத் தளம் உண்டு. அது பயணி விமானங்கள் வழக்கமாகப் போய்வரும் இடமல்ல. எனவே திரும்பி வரத் தேவையான எரிபொருளையும் சுமந்துகொண்டே புறப்படுகிறார்கள். வட்டமிடும் ஒவ்வொரு நிமிடமும் கையிருப்பைத் தின்கிறது. திரும்புவதற்கான அளவை முள் தொட்டதும், கீழே ஊர் பளிச்சென்று தெரிந்தாலும், மூக்கைத் திருப்பியாக வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இறங்குவதும் புறப்படுவதும் எதிரெதிர்த் திசை என்பதால், வருகிற விமானம் இறங்கி ஒதுங்கும்வரை போகிற விமானம் காத்திருக்க வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் கிராசிங் போடுவது போலத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கடிகாரத்தைப் பார்க்கும்போது, மேகத்தைக் கிழித்துக்கொண்டு எதிரே ஒன்று இறங்கி வருவது தெரியும்.