மீட்டர் 36,000 காட்டுது, பெல்ட்டுக்கு வயசு 13

செகண்ட் ஹேண்ட் கார் பத்திப் பேச ஆரம்பிச்சதிலிருந்து ஒரே மாதிரி ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "கல்பாக்கம் டவுன்ஷிப் வண்டி ஒண்ணு விலைக்கு வருது. ஒரே ஓனர், ரொம்பக் கம்மியா ஓடியிருக்கு. எடுக்கலாமா?"

எடுக்கலாம். ஆனா அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரப்பர் பெல்ட்டைப் பத்திக் கேட்டுட்டு எடுங்க. இன்னிக்கு அந்த பெல்ட், அதுக்கப்புறம் வர்ற மிஸ்ஸிங், ரெண்டையும் பார்ப்போம்.

நான் வளர்ந்தது அந்த ஊரில்தான். அங்கே கார்கள் எப்படி வாழுதுன்னு தெரிஞ்சாதான் பிரச்சனை புரியும். அணுமின் நிலையத்துக்கும் ஆராய்ச்சி மையத்துக்கும் வேலைக்குப் போறவங்களுக்கு டிபார்ட்மெண்ட் பஸ் உண்டு. டவுன்ஷிப்புக்குள்ள சைக்கிளோ ஸ்கூட்டரோ போதும். கார் வெளியே வர்றது புதுப்பட்டினத்துக்குச் சாமான் வாங்க, ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போக, பொங்கலுக்கு ஊருக்குப் போக. வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிசு. பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு ஓனர் ரிட்டயர் ஆகி சொந்த ஊர் கிளம்பும்போது வண்டி விற்பனைக்கு வரும். பளபளன்னு இருக்கும். ஓஎம்ஆரில் வேலை பார்க்கிற ஒருத்தர் முதல் காராக அதை வாங்குவார்.

இப்ப பெல்ட்டுக்கு வருவோம். எஞ்சின் அடியில் கிராங்க் சுத்துது, பிஸ்டன் மேலயும் கீழயும் போகுது. மேலே கேம் சுத்தி வால்வுகளைத் திறந்து மூடுது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. இந்தக் கணக்கு தப்பக்கூடாது. 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறக்குது. பிஸ்டன் மேலே வர்றதுக்குள்ள அது மூடியாகணும். கிராங்க்கையும் கேமையும் சேர்த்துக் கட்டியிருக்கிற பல்லு வெச்ச பெல்ட்தான் டைமிங் பெல்ட். 1962-இல் ஜெர்மனியில் வந்த கிளாஸ் 1004 கார்தான் பெரிய அளவில் தயாரான வண்டிகளில் இதை முதலில் போட்டது. செயினைவிட சத்தம் கம்மி, செலவும் கம்மி. அதுக்குக் கொடுக்கிற விலை, ரப்பருக்கு வயசாகும்.

எல்லா வண்டியிலும் பெல்ட் இல்லை. மாருதியின் கே சீரிஸ் எஞ்சின், ஹூண்டாயின் 1.2 கப்பா இதிலெல்லாம் செயின். ஆனா நம்ம பக்கத்திலேயே தயாரான பல வண்டிகள் பெல்ட்தான்: இருங்காட்டுக்கோட்டையில் செஞ்ச சான்ட்ரோ ஜிங், ஒரகடத்தில் செஞ்ச டஸ்டர் டீசல், மறைமலை நகரில் செஞ்ச ஈகோஸ்போர்ட் டீசல். மறைமலை நகர் ஆலையே 2022-இல் மூடியாச்சு, சான்ட்ரோ ஜிங் 2014-ஓட நின்னுபோச்சு. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அப்படின்னா அவற்றில் முதல் பெல்ட்டோடவே இருக்கிற ஒவ்வொண்ணும் இப்ப பழைய பெல்ட்தான்.

மேனுவலைத் திறந்து பாருங்க. பெல்ட் மாத்த கிலோமீட்டர் ஒண்ணு, காலம் ஒண்ணு, ரெண்டும் போட்டிருக்கும். எது முதலில் வருதோ அதுதான் கணக்கு. டவுன்ஷிப் வண்டியில் கிலோமீட்டர் வரவே வராது. அதனால யாரும் மாத்துறதும் இல்லை. சர்வீஸ் புக்கில் பதினோரு வருஷமும் "ஆயில் மாற்றம்"னு மட்டும் சீல் குத்தியிருக்கிற வண்டிகளைப் பார்த்திருக்கேன்.

"உப்புக் காத்து பெல்ட்டை அரிச்சிடும்"னு ஊரில் சொல்வாங்க. முழுசா சரியில்லை. பெல்ட்டுக்கு எதிரி சூடு, வயசு, சீலில் இருந்து கசியிற ஆயில். உப்புக் காத்து வேற இடத்தில் கை வைக்கும்: டென்ஷனர் பேரிங், ஸ்பிரிங், போல்ட், காயில் கனெக்டருக்குள்ள இருக்கிற செம்புப் பின். பச்சையா ஒரு பொடி படிஞ்சிருந்தா அதுதான். அதனால கடலோர வண்டிக்கு பெல்ட் மட்டும் மாத்துறது அரை வேலை. டென்ஷனர், ஐட்லர், கேம் சீல், கிராங்க் சீல், அந்த பெல்ட்டிலேயே வாட்டர் பம்ப் ஓடினா அதுவும், எல்லாத்தையும் ஒண்ணா மாத்துங்க. கழட்டுற கூலி ஒரு தடவைதான்.

பெல்ட் அறுந்தா என்ன ஆகும்? கேம் நின்னுடும், வண்டியோட வேகத்தில் கிராங்க் இன்னும் சுத்தும். திறந்து நிக்கிற வால்வை பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், ஹெட்டை இறக்கணும். பழைய சான்ட்ரோவுக்கு அந்தச் செலவு வண்டி விலையில் நல்ல ஒரு பங்கு. அதுவும் ராத்திரி ஈசிஆரில், லாரி பின்னாடி வரும்போது எஞ்சின் ஆஃப் ஆனா, காசு பத்தின கவலை அப்புறம்தான்.

மாத்துற முறையை நீங்களே செய்யச் சொல்லிச் சொல்லலை. பக்கத்தில் நிக்கும்போது எதைப் பார்க்கணும்னு தெரியணும், அதுக்காக. பேட்டரியைக் கழட்டுவாங்க. முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சிக்கு வர்ற மாதிரி கிராங்க்கைச் சுத்தி, கிராங்க் பல்சக்கரத்திலும் கேம் பல்சக்கரத்திலும் இருக்கிற குறிகளை பாடியில் இருக்கிற குறிகளோட நேர் வைப்பாங்க. டென்ஷனரைத் தளர்த்தி பழைய பெல்ட்டை எடுப்பாங்க. இங்கதான் உஷாரா இருக்கணும். வால்வு ஸ்பிரிங் தள்ளுறதால கேம் தானா லேசா நகரும். புது பெல்ட்டை டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பா இழுத்து மாட்டி, தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வர்ற மாதிரி விடணும். அப்புறம் டென்ஷன் வெச்சு, ஸ்பேனர் போட்டு கையால கிராங்க்கை ரெண்டு முழுச் சுத்து சுத்தி, குறிகள் திரும்ப நேருக்கு வருதான்னு பார்க்கணும். அந்த ரெண்டு சுத்துக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. அதைச் செய்யாம சாவி போடுற மெக்கானிக்கிட்ட ரெண்டாவது தடவை வண்டியை விடாதீங்க.

என் தம்பி வாங்கினது 2011 சான்ட்ரோ, 36,000 கிலோமீட்டர். வாங்கின கையோட ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெல்ட் மாத்தினான். நல்ல முடிவு. ஆனா மறுநாள் திருவான்மியூர் சிக்னலில் நிக்கும்போது வண்டி நடுங்குது. ஏசி போட்டா பிக்கப்பே இல்லை. திரும்பக் கொண்டுபோனா "பெட்ரோல் சரியில்ல தம்பி"ன்னாங்க. அடுத்து ப்ளக் நாலும் மாத்தினாங்க. அடுத்து காயில் வாங்கச் சொன்னாங்க.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு யோசிக்கலாம். நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின வண்டியில் கடைசியா கை வெச்சது எங்க? முதலில் அங்கதான் பார்க்கணும். பெல்ட் வேலைக்காக எதையெல்லாம் கழட்டினாங்களோ அதெல்லாம் சந்தேகப் பட்டியலில்: சரியா உட்காராத வேக்கம் குழாய், சொருகாம விட்ட சென்சார் கனெக்டர், ஆடிப்போன ப்ளக் ஒயர், கடைசியா டைமிங்.

மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரிலா, எல்லாத்திலுமாங்கிறதுதான் வழி பிரியிற இடம். ஒரே சிலிண்டர்னா டைமிங் மேல பழி போடாதீங்க. ஒரே கேம் எல்லா சிலிண்டருக்கும் சுத்துது, அது தப்பினா எல்லாருக்கும் சேர்த்துத்தான் தப்பும். ஸ்கேனர் போட்டா பி0301 முதல் சிலிண்டர், பி0302 ரெண்டாவது, இப்படி. அந்த சிலிண்டரோட ப்ளக்கை, தனிக் காயில் இருந்தா காயிலை, பக்கத்து சிலிண்டரோட மாத்திப் போடுங்க. மிஸ்ஸிங்கும் கூடவே நகர்ந்தா குற்றவாளி மாட்டிக்கிச்சு. நகரலைன்னா இன்ஜெக்டர், இல்லைன்னா அந்த ஒரு சிலிண்டரோட கம்ப்ரஷன். புதுசா ஒரு பார்ட்கூட வாங்காம இவ்வளவும் தெரிஞ்சுக்கலாம்.

எல்லாத்திலும் சேர்ந்து வந்தா பி0300 காட்டும். கூடவே பி0016 வந்தா கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகலைன்னு வண்டியே சொல்லுதுன்னு வெச்சுக்கோங்க. இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதுக்கு முந்தின வண்டிகளில் மலிவு ஸ்கேனர் பேசாமலே போகலாம். தம்பி வண்டியில் அப்படித்தான். அதனால ரெண்டாவதா பார்த்த மெக்கானிக் அண்ணன் கம்ப்ரஷன் கேஜைப் போட்டார். நாலு சிலிண்டரிலும் கம்மி, நாலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கம்மி. பழசாகித் தேஞ்ச எஞ்சின் இப்படி அளந்து வெச்ச மாதிரி, அதுவும் ஒரே நாளில், தேயாது. கவரைக் கழட்டினார். கேம் குறி ஒரு பல்லு தள்ளி இருந்தது.

ஒரு பல்லுதானேன்னு தோணும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல்லுன்னா, ஒரு பல்லுக்கு 18 டிகிரி. வால்வு திறக்கிறதும் மூடுறதும் அவ்வளவு தள்ளிப்போகுது. வண்டி ஓடும், ஆனா இழுக்காது, ஐடிலிங்கில் நடுங்கும். ரெண்டு மூணு பல்லு தப்பினா ஸ்டார்ட்டே ஆகாது, சில எஞ்சின்களில் வால்வும் இடிக்கும். பெல்ட்டைத் திரும்ப மாட்டி ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தார். நடுக்கம் போச்சு. பழைய காயில் இன்னும் அதே வண்டியில்தான் இருக்கு.

ஒரு எச்சரிக்கை. செக் எஞ்சின் லைட் சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டிக்கிட்டு ஒர்க்‌ஷாப் போகலாம். மினுக்கினா ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியுது, அது உருகினா வேற செலவு.

டவுன்ஷிப் வண்டி பார்க்கப் போறவங்க ஓனர்கிட்ட பெல்ட் மாத்தின பில்லைக் கேளுங்க. தேதி வேணும், வாய்வார்த்தை போதாது. பில் இல்லைன்னா மாத்தலைன்னு வெச்சு, அந்தச் செலவை விலையில் குறைச்சுக் கேளுங்க. பெல்ட்டைக் கண்ணால பார்த்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னா நம்பாதீங்க. இப்போதைய ரப்பர் வெடிப்பே காட்டாம உள்ளுக்குள்ள பலம் இழக்கும். மாத்தினதுக்கு அப்புறம் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு ஸ்டிக்கரை கவர் மேல ஒட்டச் சொல்லுங்க.

போற வழியில் எஞ்சின் சட்டுனு ஆஃப் ஆகி, சாவி திருப்பினா ஸ்டார்ட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாம வழக்கத்தைவிட வேகமா, லேசா சுத்துற சத்தம் கேட்டா, பெல்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு தடவை சாவியைத் திருப்பாதீங்க, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் பார்க்காதீங்க. வளையாம தப்பிச்ச வால்வு ஒண்ணு ரெண்டு இருந்தா, அதையும் அந்தத் திருப்பல் வளைச்சிடும். ஹசார்ட் லைட்டைப் போட்டுட்டு டோயிங் வண்டிக்கு போன் பண்ணுங்க.